முன் இருக்கை

கேள்வித்தாளை வாசித்துக் காட்டுவது என் வேலை.
வாசிக்கலாம், விளக்கக் கூடாது.
கேட்டால் மறுபடி வாசிக்கலாம், எத்தனை முறையானாலும்.
"அல்ல" என்ற சொல்லில் குரல் அழுந்தக் கூடாது.
புருவம் உயரக் கூடாது.
பையை வெளியே வை, போனை வெளியே வை,
முகத்தையும் வெளியே வைத்துவிட்டுப் போ
என்றாள் ஆதரவு மையத்து நொம்புசோ.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
கணிதத்தில் ஆனர்ஸ். அறை வாடகைக்கு அந்த ராண்ட் வேண்டியிருந்தது.
கணக்கு வராதவர்களுக்குக் கணக்கு எதற்கு
என்பதையும் வெளியேதான் வைத்தேன்,
கதவைச் சரியாகச் சாத்தாமல்.

டர்பன், வெஸ்ட்வில் வளாகம்.
நூலகத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறை.
சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிய இடத்தில்
சுண்ணாம்பு வெளிறாமல் ஒரு வட்டம்.
ஜன்னலைத் திறக்க முடியாது, குரங்குகள்.
போன நவம்பரில் ஒன்று உள்ளே வந்து
யாருடைய கால்குலேட்டரையோ தூக்கிப்போய்
கூரைமேல் உட்கார்ந்து வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்ததாம்.

யுகேந்திரி. உளவியல், மூன்றாம் ஆண்டு.
புள்ளியியல் மட்டும் இரண்டு முறை போய்விட்டது.
கட்டம் போட்ட தாள், கட்டத்துக்கு ஓர் எண்.
கூட்டலுக்குப் பச்சைப் பேனா, கழித்தலுக்குச் சிவப்பு.
நாற்பத்தைந்து நிமிடம் கூடுதல்.

தர்ட்டி பேரில் தர்ட்டீன் பேர், என்று வாசித்தேன்.
மறுபடி, என்றாள்.
தர்ட்டி. தர்ட்டீன்.
வாலில் ஒரு மூக்கொலி, அவ்வளவுதான் வித்தியாசம்.
என் வாயில் இத்தனை நாள் இருந்தும்
நான் கேட்டதில்லை.

கல்யாண வீட்டு வாசலில்
செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி
அறுபத்தொன்பதும் தொண்ணூற்றாறும்
அவளிடம் வந்து போய்க்கொண்டிருந்தன.
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்ணுவது என்றால் கணக்கிடுவதா, நினைப்பதா?
வீட்டில் மிச்சமிருக்கும் தமிழ்
பிரித்துச் சொல்வதில்லை.

நான்காம் கேள்வியில் ஒரு படம்.
உறங்கிய நேரம் குறுக்கே, மதிப்பெண் நெடுக்கே,
பதினான்கு புள்ளி, மேலேறும் ஒரு கோடு.
நான்கு முறை வாசித்தேன்.
பேனாவை வைத்துவிட்டு
வலது மூலையில் தனியாக நின்ற ஒரு புள்ளியை
விரலால் மூடினாள்.
"இது இல்லையென்றால் கோடு படுத்துவிடும்"
என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.
விரலை எடுத்தாள். மறுபடி மூடினாள்.

நான் மேசையின் கீறல்களைப் பார்த்தேன்.
புருவம்.

வெளியே மழை.
வளாக வாசலில் டவுனுக்குப் போகிற டாக்ஸி வந்து நின்றது,
முன்னால் மட்டும் இடம்.
போகட்டும் என்றாள்.
இன்னொன்று. அதிலும் முன்னால்தான்.
போகட்டும்.
மரத்தில் ஒரு ஹாடிடா, யாரோ கழுத்தை நெரித்த மாதிரி கத்தியது.
என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.
என்னோடு உட்காரப் பிடிக்கவில்லையோ என்று கூட நினைத்தேன்.

"முன்னால் உட்கார்ந்தால்
காசை எண்ணிச் சில்லறை தரணுமே" என்றாள்.
பதினாறு வயதில் ஒருமுறை.
பின்னாலிருந்து கைமாறிக் கைமாறி வந்த நாணயங்கள்
மடியில் விழுந்துகொண்டே இருந்தன.
நாலு பேருக்கு இது, மீதி கொடு,
ரெண்டு பேருக்கு இது.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தான்.
பாட்டை நிறுத்தினான்.
வண்டியே கேட்டுக்கொண்டிருந்தது.
குறைந்தது எவ்வளவு என்று இன்றுவரை தெரியாது.
மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்ததை எல்லாம் போட்டாள்.
அது அதிகமாகக்கூட இருந்திருக்கும், என்று சிரித்தாள்.

மூன்றாவது வண்டியில் பின்னால் ஓர் இடம், முன்னால் ஓர் இடம்.

என் மடியில் காசு வந்து சேர்ந்தது.
அவளுடையது எதுவென்று தெரியவில்லை,
எல்லாமே ஈரம்.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
ஐந்து ராண்ட் இடித்தது.
பின்னால் யாரோ கொடுக்கவில்லை,
அல்லது நான்தான் எங்கேயோ.

திரும்பிப் பார்க்கவில்லை.
என் பையிலிருந்து எடுத்துப் போட்டேன்.
ஓட்டுநர் பாட்டை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.